என் மௌத்து அறிவித்தலைக் கேட்டவர்களுக்கு

1

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கல்முனைக்குடிப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் என் பெயரைக் கேட்ட எல்லாருக்கும் ஸலாம். நான் மௌத்தாகவில்லை, உயிரோடுதான் இருக்கிறேன். இதை எழுதுவது நானேதான், அதுவும் வலது கையால். எனக்காக யாஸீன் ஓதியவர்கள் ஓதியதை ஓதியதாகவே வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்கோ ஒருநாள் தேவைப்படத்தான் போகிறது. அவசரமில்லை.

ஊரிலிருந்து டெலிபோன் கோல் எடுக்கிற ஒவ்வொருவரும் நான் மௌத்தான கதையைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கொரு விதமாகக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். ஒருவர் நான் கப்பலில் போனதாகச் சொன்னார். நான் கப்பலில் ஏறியதே இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். மகளிடம் காட்டித் திருத்தலாம் என்றால் அவளுக்குத் தமிழில் தன் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும். அதிலும் ஒரு புள்ளி குறையும்.

2

ஊரில் பேக்கரியில் மா பிசைந்தவன் நான். இங்கே இங்கிலாந்தில், லண்டனிலிருந்து இரண்டு மணித்தியாலம் தள்ளி ஒரு பாண் தொழிற்சாலையில், மா பிசைகிற மெஷினுக்குக் காவல். போன வருடம் ஒருநாள் காலை வேலையில் நிற்கும்போது வலது கையில் இருந்த தட்டு தானாகக் கீழே விழுந்தது. என்ன என்று கேட்டார்கள். பதில் சொன்னேன். வாயிலிருந்து கஞ்சி மாதிரி ஏதோ வந்தது. போலந்துக்காரச் சூப்பர்வைசர் நான் தமிழ் கதைக்கிறேன் என்று நினைத்தார். பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்துத் தம்பி நான் இங்கிலிஷ் கதைக்கிறேன் என்று நினைத்தான். இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். வாய் ஒரு பக்கம் இழுத்ததைக் கண்ட பிறகுதான் அம்புலன்ஸ் வந்தது.

பாரிசவாதம். சின்னது என்றார்கள். கை திரும்பி வந்தது, கதையும் திரும்பி வந்தது. இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசை, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு இரண்டு. உப்பைக் குறைத்தேன். சிகரெட்டை விட்டேன். பரீதா, என் மனைவி, கருவாட்டை வீட்டிலிருந்தே நாடு கடத்தினாள். சொன்னதையெல்லாம் செய்தேன், ஒன்றைக்கூட விடவில்லை.

ஆனால் நான் பயந்த சுபாவம். சின்ன வயதில் வாப்பா சந்தைக்குப் போய்த் திரும்பத் தாமதித்தால் ஒழுங்கை முனையில் நின்று அழுவேனாம். அப்படிப்பட்டவனிடம் ஆஸ்பத்திரியில் ஒரு தாளைக் கொடுத்து, "முகம் கோணுகிறதா, கை உயர்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று கவனியுங்கள்" என்றால் என்ன செய்வான்? ஒவ்வொரு நாள் காலையும் குசினிக் கண்ணாடி ஜன்னல் முன் நின்று பல் தெரியச் சிரிப்பேன். இரண்டு கையையும் மேலே தூக்குவேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவரும் சிரித்து இரண்டு கையையும் தூக்குவார். ஒரு வருடமாக எங்கள் ஒழுங்கையில் மிகவும் அன்பான மனிதன் நான்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பேச்சைச் சோதிக்க ஒரு வசனம் வேண்டும். எனக்குப் பாடமாக இருந்தது பஸ் கொண்டக்டர் கூப்பிடுகிற கூப்பாடுதான். "கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று!" ஒரே மூச்சில் சொல்வேன். அக்கரைப்பற்று வரை போய்ச் சேர்ந்தால் அன்றைய நாள் எனக்கு உண்டு.

3

எனக்கு ஒரு மூத்த சகோதரர். ஆதம்பாவா காக்கா. கடற்கரை வீதியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறவர். சுனாமியில் வீடும் கடையும் போயின, மதினியும் போனா. காக்கா தென்னை மரத்தைப் பிடித்துத் தப்பியவர். நான் அப்போது இங்கே இருந்தேன். அந்த மூன்று நாள் லைன் கிடைக்காமல் நான் பட்ட பாட்டை எழுதப்போவதில்லை.

பிறகு காக்கா அதே இடத்தில் வீடு கட்டத் தொடங்கினார். அது மதினியின் சீதனக் காணி. கட்டக்கூடாது என்று அரசாங்கம் போட்ட கோட்டுக்கு ஒரு முழம் மட்டும் ஊர்ப் பக்கம். நான் கிழமைக்கு இரண்டு தரம் கோல் எடுத்துக் கெஞ்சினேன்.

"கோட்டுக்கு இஞ்சாலதான் கட்டுறன்" என்பார்.

"அந்தக் கோட்டைக் கடலுக்கு ஆரு காட்டின?" என்று நான் கேட்பேன்.

கடைசியில் ஒருநாள் வாய் தவறியது. "அப்ப கட்டுங்க. ஆனா கடல் வந்தா எனக்குக் கோல் எடுக்க வேணாம்" என்றேன். மதினி மௌத்தாகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் பக்கம் ரிசீவர் மெதுவாக வைக்கிற சத்தம் கேட்டது. அடித்து வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நாலு வருடம் காக்கா எடுக்கவுமில்லை. நான் எடுத்தால் கதைக்கவுமில்லை.

இந்த வருடம் நாட்டில் யுத்தம் முடிந்தது. இங்கே தெரிந்தவர்கள் எல்லாரும் ஊருக்கு டிக்கட் போட்டார்கள். எனக்கும் ஒரே ஒரு ஆசைதான்: இன்னொரு பாரிசவாதம் வருவதற்கு முன்னால் காக்காவின் முகத்தைப் பார்த்து, சொன்னது பிழை என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் பிளேனில் வைத்து வந்தால்? வராது என்று யாராவது ஒருவர் வாயால் சொல்லிவிட்டால் போதும், ஏறிவிடுவேன்.

பிரயாணக் காப்புறுதிக்குக் கோல் எடுத்தேன். அங்கே பதில் சொன்ன பிள்ளை, "முழுமையாகச் சுகமா?" என்று கேட்டது. ஓம் என்று சொல்லி முடித்திருக்கலாம். நான் பொய் சொல்லப் பயந்து, சிரிப்பது, கை தூக்குவது, கொண்டக்டர் கூப்பாடு எல்லாவற்றையும் என் இங்கிலிஷில் விளக்கினேன். அரைமணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து சொன்னது: பெட்டி தொலைந்தால் பார்ப்பார்கள், பல் உடைந்தால் பார்ப்பார்கள், பிளேன் பிந்தினால் பார்ப்பார்கள். மண்டைக்குள் நடப்பதை மட்டும் பார்க்கமாட்டார்கள்.

"எனக்கு நடக்கப் போறதே அங்கதானே" என்றேன் பரீதாவிடம்.

"ஒங்கட மண்டைக்குள்ள என்ன நடக்குதெண்டு இருவது வருசமா எனக்கே தெரியல்ல. அந்தப் புள்ளைக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

4

பாரிசவாத வருத்தம் வந்து சரியாக ஒரு வருடம் ஆன அன்று காலை, ஜன்னல் முன் நின்று சொல்லிக்கொண்டு போனேன். நிந்தவூரிலிருந்து நேரே பாலமுனைக்குப் போய்விட்டேன். நான் கவனிக்கவில்லை. அடுப்படியில் நின்ற பரீதாதான் திரும்பினாள்.

"ஒலுவில் எங்க?"

அவ்வளவுதான். மகள் ரிஸ்னாவைப் பாடசாலைக்குப் போகவிடாமல் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "என்ன நடந்தது?" என்று தாதி கேட்டாள். ரிஸ்னா தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். தாதி எழுதிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, ஒலுவில் என்பது யார் என்று கேட்டாள்.

தலையைப் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. ஓர் இளம் டொக்டர் வந்து உட்கார்ந்தார், பொறுமையான மனிதர். நான் ரிஸ்னா மூலமாகக் கேட்டேன்: "எல்லாக் குளிசையும் போடுறன். இனி வராதுதானே?"

டொக்டர் நிறைய நேரம் கதைத்தார். ரிஸ்னா இரண்டே வசனத்தில் சொன்னாள்: "வாப்பா, டாப்லட்ஸ் நல்லா வேர்க் பண்ணுது. ஆனா, லைக், கொஞ்சம் ரிஸ்க் மிச்சம் இரிக்கி."

"ஏன் மிச்சம் இரிக்கி? நான் ஒண்டையும் மிச்சம் வெக்காமத்தானே போடுறன்?"

டொக்டர் சிரித்தார். ஒரு தாளை எடுத்துக் காட்டினார். அதில் வரிசை வரிசையாக நூறு சின்ன மனிதர்கள். எல்லாரும் உங்களைப் போல ஒருமுறை பாரிசவாதம் வந்தவர்கள், எல்லாரும் ஒழுங்காகக் குளிசை போடுகிறவர்கள் என்றார். பேனையால் அதில் சிலரைக் கறுப்பாக்கினார். குளிசை போடாவிட்டால் கறுப்பு இன்னும் கூடும் என்று பக்கத்தில் இன்னொரு கட்டத்தைக் காட்டினார். நான் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே இல்லை. என் கண் இந்தக் கறுப்பு மனிதர்களிலேயே நின்றது.

"இதுல நான் ஆரு எண்டு கேளு."

"வாப்பா, அப்பிடிக் கேக்கேலாது!"

"கேளு மகள்."

கேட்டாள். அது யாருக்கும் தெரியாது என்றார் டொக்டர். அந்தத் தாளை மடித்துக் கொண்டுவந்து ஐஸ்பெட்டியில் ஒட்டினேன். மூன்றாவது வரிசைக் கடைசியில் ஒரு கறுப்பு மனிதன், தோளைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு நிற்கிறான். அசல் நான்தான்.

பரீதா கிட்டப் போய்ப் பார்த்தாள். "இது நீங்க இல்ல. இவருக்கு வண்டி வயிறு இல்ல" என்றாள்.

5

அந்தச் சனிக்கிழமை நான் செய்த வேலைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். மக்காவுக்குப் போகிறவர் புறப்படுமுன் வீடு வீடாகப் போய், "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் செஞ்சிருந்தா பொறுத்துக்கங்க" என்று மாப்புக் கேட்பார். வருத்தம் கடுமையாகிப் படுக்கையில் கிடக்கிறவரும் ஆளனுப்பிக் கேட்பார். நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. ஆனாலும் கறுப்பு மனிதன் எந்த நேரமும் விழலாம் அல்லவா? யாரிடமும் பாக்கி வைக்காமல் இருப்போம் என்று, பரீதா வேலைக்குப் போனதும், டெலிபோன் கார்ட் ஒன்றைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் மீராசாஹிபு சேர், எனக்குக் கணக்குப் படிப்பித்தவர். "சேர், ஒங்கட பிரம்பைக் கிணத்துல போட்ட நான்தான். பொறுத்துக்கங்க" என்றேன். "முப்பது வருசமா நான் றஹீமையெல்லா நெனச்ச! அவனுக்கு எவ்வளவு அடி அடிச்ச!" என்றார். அதனால் றஹீமுக்கும் ஒரு கோல் எடுக்கவேண்டி வந்தது. அவன் பொறுக்கவில்லை, யோசித்துச் சொல்வதாகச் சொன்னான்.

பிறகு பாண்டிருப்புத் தங்கராசா. ஒன்றாகக் கரம் போர்ட் விளையாடியவன், இப்போது அரசாங்கக் கச்சேரியில் வேலை. சிவப்புக் காயைக் காலுக்கடியில் மறைத்து வைத்த கதையைச் சொன்னேன்.

"இதச் சொல்லவாடா லண்டன்ல இருந்து எடுக்கிறாய்? எல்லா நாளும்தான் மறைச்ச நீ. என்னடா, மக்காவுக்குப் போறியா?"

"இல்ல மச்சான். சும்மா."

"சும்மாவா?" என்றான். குரல் மாறிவிட்டது.

இப்படிப் பதினொரு பேர். கடைசியாகப் பள்ளி மோதினார் இஸ்மாலெவ்வை. அவர் பாங்கு சொல்லும்போது நாங்கள் சுவருக்குப் பின்னால் நின்று அவரைப் போலவே இருமிக் காட்டிய குற்றத்துக்காக. "மோதினார், நாளைக்கு நான் இரிக்கனோ இல்லியோ..." என்று தொடங்கினேன். கார்ட் முடிந்து லைன் அறுந்தது. இன்னொரு கார்ட் வாங்கக் கடைக்குப் போனேன். அந்த நேரம் பார்த்து மோதினார் என் வீட்டு நம்பருக்கு மூன்று தரம் திருப்பி எடுத்திருக்கிறார். எடுக்க ஆள் இல்லை. ரிஸ்னா மேலே காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கிடந்தாள்.

அஸர் தொழுகைக்கு எல்லாரும் பள்ளியில் கூடினார்கள். "என்னட்டயும் மாப்புக் கேட்டான்." "என்னட்டயுமா?" இது ஹஜ்ஜுக்குப் போகிற மாதமும் இல்லை. போன வருடம் பாரிசவாதம் வந்தவன். கதைத்துக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது, பிறகு யாரும் எடுக்கவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மோதினார் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாலில்லாஹி" என்று தொடங்கிவிட்டார்.

உங்களிடம் நான் ஒன்றை மறைக்கக்கூடாது. பதினொரு பேரிடம் கேட்டேன், உண்மையில் கேட்கவேண்டிய ஒருவரிடம் கேட்கவில்லை. காக்காவின் நம்பரைப் பாதி அழுத்திவிட்டு இரண்டு தரம் வைத்தேன். கார்ட் வாங்கப் போய் ஒரு மணித்தியாலம் சுற்றித் திரிந்ததுகூட, நேர்மையாகச் சொன்னால், அந்தக் கோலைப் பின்போடத்தான்.

6

கடையிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போதே டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது.

"ஹலோ."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"ஆரு?" என்றேன்.

"நீ ஆரு?"

"நான் சலீம்."

"எந்தச் சலீம்? மௌத்தான சலீமா, மத்தவனா?"

"காக்கா!"

"அஸருக்குப் பொறகு பள்ளில சொன்ன. வாப்பாட பேரையும் சேத்துச் சொன்ன. அந்த வாப்பாக்கு அந்தப் பேர்ல மகன் நீ ஒருத்தன்தான்."

"எனக்கு ஒண்டும் இல்ல காக்கா. நல்லா இரிக்கன்."

"ஆள் இரிக்கான், ஓடிப் போய்ப் பள்ளில சொல்லு" என்று கடையில் யாரையோ விரட்டினார். பிறகு, "இஞ்ச தங்கராசா வெள்ளச் சட்டையோட வந்து கடையில குந்தி அழுதுட்டிரிக்கான். ரெண்டு தேத்தண்ணி குடிச்சிட்டான்" என்றார்.

நாலு வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல். எனக்கு அப்போதுதான் உண்மையாகவே பேச்சு குழறியது. "நாலு வருசம் ஒரு கோல்கூட..." என்றேன்.

"நீதானே சொன்ன, கடல் வந்தா கோல் எடுக்க வேணாம் எண்டு. கடல் வரல்ல. அதான் எடுத்தன்."

"காக்கா, அது..."

"ஊரெல்லாம் மாப்புக் கேட்டிரிக்காய். மோதினார்ட இருமலுக்கும் கேட்டிரிக்காய். என்னட்ட ஏன் கேக்கல்ல?"

"பயந்த."

"என்னத்துக்கு?"

"நீங்க தராட்டி?"

பின்னால் ஒலிபெருக்கி கரகரத்தது. "இந்தா, கேளு" என்று போனை வெளியே நீட்டினார். சற்று முன்னர் அறிவிக்கப்பட்ட ஜனாஸா அறிவித்தல் தவறானது, அன்னார் ஹயாத்துடன் இருக்கிறார், ஊர்மக்கள் மன்னிக்கவும் என்று மோதினார் இருமி இருமிச் சொன்னார். அதே இருமல்.

"இப்ப கேக்கிறன் காக்கா. அண்டைக்குச் சொன்னது பெரிய பிழை. மாப்புத் தாங்க."

"போன்ல தரமாட்டன். வந்து வாங்கு."

"வாறதுக்குத்தான் பயம். குளிசை எல்லாம் போட்டாலும் கொஞ்சம் மிச்சம் இரிக்காம், டொக்டர் சொன்னார்."

"அரசாங்கத்துக்காரனுகளும் எனக்கு அதத்தானே சொன்ன? கோட்டுக்கு இஞ்சால கட்டு, சைரன் பூட்டுறம், பயப்படாத எண்டாங்க. அதுக்குப் பொறகும் கொஞ்சம் மிச்சம் இரிக்கி. கண்ணுக்கு முன்னால கெடக்கு, நீலமா. நான் என்ன, தென்ன மரத்துலயா குடியிரிக்கன்? வந்து பாரு, எப்பிடி இரிக்கிற எண்டு."

7

போனேன். பரீதாவையும் ரிஸ்னாவையும் கூட்டிக்கொண்டு, பெட்டிக்கும் பல்லுக்கும் காப்புறுதி எடுத்துக்கொண்டு, மண்டையை அல்லாஹ்வின் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனேன். நாலு குளிசையையும் இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில். ரிஸ்னாவின் பையில் மூன்றாவது பங்கு ஒன்று வைத்ததை அவளுக்குச் சொல்லவில்லை. விமானநிலையத்தில் அதை எடுத்து வெளியே வைத்து விசாரித்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. அம்பாறை வரை என்னோடு கதைக்கவில்லை.

காக்கா வீட்டு வாசலில் அவருடையதும் பிள்ளைகுட்டிகளுடையதுமாக ஆறு சோடிச் செருப்புக் கிடந்தது. எல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டி, எழும்பி ஓட வசதியாக மேற்கே பார்த்தபடி. நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். தாடி முழுக்க வெளுத்துப்போன காக்கா குனிந்து, என் சப்பாத்தைத் திருப்பி மேற்கே பார்க்க வைத்தார். அதற்குப் பிறகுதான் என்னைக் கட்டிப்பிடித்தார்.

கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் டோர்ச் லைட், அடையாள அட்டைகள் போட்ட பொலித்தீன் பை, சின்ன ரேடியோ. "இதான் எண்ட குளிசை" என்றார். "ஒரு நாளைக்கு ஒருக்காப் பாப்பன், பெட்டரி இரிக்கா எண்டு. பாத்துட்டுக் கடையத் தொறக்கப் போவன். நாள் முழுக்க ஆணியையே பாத்துட்டு நிண்டா தேத்தண்ணி ஆரு ஊத்துற?"

என் குளிசைப் பெட்டியை வாங்கி அதே ஆணியில் மாட்டினார்.

பகல் சோற்றுக்குப் பிறகு, ஐஸ்பெட்டியிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த நூறு மனிதர்கள் தாளை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இந்த வெள்ளையா நிக்கிறவங்க ஆரு?"

"அவங்களுக்கு ஒண்டும் வராது."

"இவ்வளவு பேர் நிக்கிறானுகளே! இவனுகள நீ ஒரு நாளாவது எண்ணிப் பாத்தியா?"

நான் எண்ணியதில்லை. கறுத்தவர்களை மட்டும் எத்தனையோ தரம் எண்ணியிருக்கிறேன். காக்கா தாளை மடித்துத் தந்துவிட்டுப் பாயில் சரிந்தார். ஐந்து நிமிடத்தில் குறட்டை. கூப்பிடு தூரத்தில் கடல் கிடந்தது. குறட்டைதான் பெரிதாகக் கேட்டது.

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு தெற்கே விட்டார். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று நான் பின்னால் இருந்து சொல்லச் சொல்ல ஒவ்வோர் ஊராக வந்தது. ஓர் ஊர்ப் பெயர்ப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். "எறங்கிப் பாரு. இந்தா ஒண்ட ஒலுவில். அது எங்கயும் போகல்ல."

மூன்றாம் நாள் மோதினார் இஸ்மாலெவ்வை வந்தார். சாரனை ஒதுக்கிக்கொண்டு குனிந்து நின்று, "தம்பி, அண்டைக்கு அவசரப்பட்டு அறிவிச்சிட்டன். மாப்புத் தாங்க" என்றார்.

நான் பதறிப்போனேன். "ஏன் மோதினார், ஒங்களுக்கு என்ன வருத்தம்?"

8

ஒவ்வொரு நாளும் நான் காக்காவிடம் கேட்டேன். "வந்து வாங்கச் சொன்னீங்க. வந்துட்டன். தாங்க." "போற அண்டைக்குத் தாறன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

போகிற அன்று காலை வேன் வந்துவிட்டது. பரீதாவும் ரிஸ்னாவும் ஏறிவிட்டார்கள். நான் வாசலில் நின்றேன். காக்கா ஆணியிலிருந்து குளிசைப் பெட்டியைக் கழற்றி, அன்றைய பங்கு போட்டாயிற்றா என்று திறந்து பார்த்து, என் கையில் தந்தார்.

"மாப்பு, காக்கா."

"தந்துட்டன்."

நான் அழத் தொடங்கினேன். வேனில் ஏறி உட்கார்ந்தும் நிற்கவில்லை. காக்கா கதவை இழுத்துச் சாத்திவிட்டு, ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"முழுக்கத் தந்துட்டன் எண்டு நெனைக்காத. முழுக்கத் தந்தா நீ நிம்மதியா மௌத்தாகிடுவாய். கொஞ்சம் மிச்சம் வெச்சிரிக்கன். வாற வருசம் வந்து வாங்கு."